மலைவழி வண்டிக்கு எந்த டீசல் எஞ்சின்?

கிணற்று மேட்டில் ஓடும் ஆயில் எஞ்சினை அறியாத உழவர் இலர். மின்சாரம் எட்டாத ஊர்களில் கமலையின் பாரத்தைக் காளைகளின் கழுத்திலிருந்து இறக்கி வைத்தது அவ்வெஞ்சினே. அதன் இனத்தைச் சேர்ந்த எஞ்சின்தான், இன்று நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வகை வண்டிகளையும் கல்லும் சேறும் நிறைந்த வழிகளில் மேலேற்றிச் செல்கிறது.

ஜீப் வண்டி நம் கிராமங்களுக்குப் புதியதன்று. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய நலத் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர், வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப் வராத சிற்றூர்கள் அரியவாயின. விதையும், தடுப்பூசி மருந்தும், திரைப்படக் கருவியும் அவ்வண்டியில் வந்திறங்கியதைக் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். சாலைகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் மலையூர்களுக்கும் தோட்டங்களுக்கும் அத்தகைய வண்டியின் தேவை குறையவில்லை. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சூரியநெல்லியிலிருந்து செல்லும் பாதையில், இன்றளவும் ஜீப் வண்டிகளே ஆட்களை ஏற்றிச் செல்கின்றன.

இப்பொருளை இப்பொழுது ஆராய்வதற்கு ஒரு காரணம் உண்டு. பதினைந்து ஆண்டு நிறைந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பித்தல் ஆகாது என்னும் மத்திய அரசின் விதி 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளுக்குச் சொந்தமான வாகனங்களும் அவ்விதியில் அடங்கும். ஆதலின், பழைய வண்டிக்கு மாற்றாக எதனை வாங்குவது என்ற கேள்வி மன்றங்களின் முன் வருகிறது. மலைத்தோட்டம் வைத்திருக்கும் உழவருக்கும் இதே கேள்வி எழுகிறது. ஒரு வண்டிக்குச் செலவாகும் பத்துப் பதினைந்து லட்சம் ரூபாய், மன்றத்திற்கானாலும் குடும்பத்திற்கானாலும், சிறு தொகையன்று. அத்தொகையை விளம்பரத்தின் வழியில் செலவிடாமல், வேலையின் வழியில் செலவிடுவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டீசல் எஞ்சின் இயங்கும் முறை

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை உருளைக்குள் அழுத்தப்படுகிறது. பிறகு ஸ்பார்க் பிளக் எனப்படும் பொறிக்கட்டை அதனைக் கொளுத்துகிறது. டீசல் எஞ்சினில் பொறிக்கட்டை இல்லை. அங்கே காற்று மட்டுமே உள்ளே இழுக்கப்பட்டு, பழைய கனவளவில் பதினாறில் ஒரு பங்கு அல்லது அதனினும் சிறிய இடத்திற்குள் நெருக்கப்படுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடேறுவதை நாம் அறிவோம். அவ்வாறே இங்கும் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்துவிடும். அந்நிலையில் டீசல் எண்ணெயை நுண்துளிகளாகப் பீய்ச்சினால், அது தானே பற்றிக்கொள்கிறது.

இம்முறையைக் கண்டவர் ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியல் அறிஞர். 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் அவரது எஞ்சின் நன்கு இயங்கிக் காட்டியது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், இவ்வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டப்பட்டது. நம் மானாவாரி நிலங்களில் விளையும் நிலக்கடலைக்கும் இவ்வெஞ்சினின் வரலாற்றில் இடமுண்டு என்பது உழவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். ஆயினும் இன்றைய எஞ்சின்களில் அத்தகைய எண்ணெயை ஊற்றலாகாது என்பதற்கான காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

காற்றை மிகுதியாக நெருக்குவதால் டீசல் எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தை வீணாக்காமல் வேலையாக மாற்றுகிறது. மேலும் ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிகுதி. இவ்விரு காரணங்களாலும் ஒரு லிட்டருக்கு டீசல் வண்டி கூடுதல் தூரம் ஓடுகிறது. ஆனால் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க எஞ்சினின் உறுப்புகள் கனமாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். விலை கூடுவதற்கு அது ஒரு காரணம்.

குதிரைச் சக்தியும் முறுக்கு விசையும்

வண்டி வாங்கச் செல்வோர் முதலில் கேட்பது, எத்தனை குதிரைச் சக்தி என்பதே. மலைவழிக்கு வண்டி தேடுவோர் அதனை இரண்டாவதாகக் கேட்பது நலம். முதலில் கேட்க வேண்டியது முறுக்கு விசை எவ்வளவு, அஃது எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதாகும்.

முறுக்கு விசை என்பது அச்சைத் திருகும் பலம். ஒரு மீட்டர் நீளமுள்ள நெம்புகோலைப் படுக்கை நிலையில் பொருத்தி, அதன் நுனியில் சுமார் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அடிமுனையில் உண்டாகும் திருகலே ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டர் எனப்படுவது. இத்திருகல் ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று நிகழ்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது குதிரைச் சக்தி. பந்தயக் குதிரை விரைந்தோடும். ஆனால் சேற்றில் புதைந்த பார வண்டியை மெல்ல அசைத்து வெளியே இழுக்க நல்ல காங்கேயம் காளையைத்தான் நாடுவோம். குதிரைச் சக்தியை மட்டும் பார்த்து மலைவண்டி வாங்குவது, ஓட்டத்தை மட்டும் பார்த்து உழவு மாடு பிடிப்பதை ஒக்கும்.

செங்குத்தான ஏற்றத்திலும், கற்பாறை மீதும், ஈரமண்ணிலும் வண்டி மெதுவாகவே செல்ல இயலும். அப்பொழுது எஞ்சினும் குறைந்த சுற்றிலேயே ஓடும். அக்குறைந்த சுற்றில் முழுப் பலமும் கிடைத்தால் ஓட்டுநர் கிளட்சைத் தேய்க்க வேண்டியதில்லை. சக்கரமும் திடுமெனச் சுழன்று வழுக்காது. டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 1,400 முதல் 2,800 வரையிலான சுற்றுகளுக்குள் தம் முழுமுறுக்கையும் தந்துவிடுகின்றன. பாறைவழி வண்டிகளில் டீசல் நிலைபெற்றதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

இதனோடு டர்போ என்னும் உறுப்பைப் பற்றியும் அறிதல் வேண்டும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் சிறு விசிறி, வெளிக்காற்றை அழுத்தி உருளைக்குள் செலுத்துகிறது. இதன் பயன் மலைமேல்தான் நன்கு விளங்கும். உதகமண்டலத்தைப் போன்று 2,200 மீட்டர் உயரமுள்ள இடத்தில், காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே அந்த அளவிற்குத் தளர்ந்துவிடும். டர்போ உள்ள எஞ்சினோ பெரும்பகுதி பலத்தைக் காத்துக்கொள்ளும். நீண்ட ஏற்றம் ஏறி நின்றவுடன் எஞ்சினை நிறுத்திவிடாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பிறகு நிறுத்துவது டர்போவின் ஆயுளை நீட்டிக்கும்.

ஜீப்பில் டீசல் வந்த வரலாறு

இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற வில்லிஸ் ஜீப் வண்டியின் பகுதிகளை வரவழைத்து, மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அந்நாளைய ஜீப் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்டது. வலிமைக்குக் குறைவில்லை, ஆனால் பெட்ரோலைத் தாராளமாகக் குடித்தது. எண்ணெய் மலிவாக இருந்த வரையில் அஃது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

1973ஆம் ஆண்டு உலகெங்கும் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது நிலைமை மாறியது. மகிந்திராவின் கூட்டு நிறுவனம் 1960களிலேயே இன்டர்நேஷனல் வகை டிராக்டர்களை நம் நாட்டில் செய்யத் தொடங்கியிருந்தது. அந்த டிராக்டர் மரபில் வந்த டீசல் எஞ்சினையே 1970களில் ஜீப்பிலும் பொருத்தினர். உழவுக்காக அமைந்த எஞ்சின் சாலைக்கு வந்தது இவ்வாறுதான். இரைச்சலும் அதிர்வும் மிகுதியாயினும், பார இழுவையும் சிக்கனமும் மக்களைக் கவர்ந்தன.

அதற்குப் பின் பிரெஞ்சு நாட்டு பியூஜோ நிறுவனத்தின் வடிவமைப்பில் 2,112 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சின் வந்தது. 1980களிலும் 1990களிலும் நம் ஊர்ப்புறங்களில் ஓடிய ஜீப்புகள் பலவற்றில் இருந்தது அதுவே. 2010ஆம் ஆண்டு தார் என்னும் வண்டி வெளிவந்தபோது இரண்டு டீசல் எஞ்சின்கள் தரப்பட்டன. ஒன்று 2,523 கன சென்டிமீட்டர், 63 குதிரைச் சக்தி கொண்ட பழைய முறை எஞ்சின். மற்றொன்று 2,498 கன சென்டிமீட்டர், 105 குதிரைச் சக்தி கொண்ட காமன் ரெயில் எஞ்சின். கொள்ளளவில் சற்றுச் சிறியதாயினும், சக்தியில் பின்னது ஒன்றரை மடங்கிற்கும் மேற்பட்டது.

இவ்வேறுபாட்டின் காரணம் எரிபொருளைப் பீய்ச்சும் முறையில் உள்ளது. பழைய எஞ்சினில் பம்பு ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே எண்ணெயை அளந்து அனுப்பியது. காமன் ரெயில் முறையில் எல்லா உருளைகளுக்கும் பொதுவான ஒரு குழாயில் எண்ணெய் மிகுந்த அழுத்தத்தில் நிறைந்திருக்கிறது. கார் டயரில் உள்ளதைப் போன்று பல நூறு மடங்கு அழுத்தம் அது. மின்னணுக் கருவியின் கட்டளைப்படி இன்ஜெக்டர்கள் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் திறந்து மூடுகின்றன. ஆகவே பலம் கூடுகிறது, புகை குறைகிறது. ஆனால் பழைய ஜீப்பைத் திருகுளியும் ஸ்பானரும் கொண்டு ஊர் மெக்கானிக் பாதையோரத்திலேயே சரிசெய்தார். புதிய எஞ்சினின் கோளாற்றை அறியக் கணினிக் கருவி வேண்டும். பணிமனை எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பதையும் வாங்குமுன் எண்ணிப் பார்த்தல் இன்றியமையாதது.

இன்றைய எஞ்சின் வகைகள்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதனைப் பின்பற்றச் சிறு டீசல் எஞ்சின்களுக்கு ஆகும் செலவு மிகுதி என்பதால், மாருதி நிறுவனம் டீசல் கார்களையே விட்டுவிட்டது. ஆயினும் மேடுபள்ள வழிக்கான கனத்த வண்டிகளில் டீசல் தொடர்ந்தது. அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

மண்சாலை வரை மட்டுமே செல்ல வேண்டிய ஊர்களுக்கு, 2000ஆம் ஆண்டு முதல் நாம் அறிந்த பொலிரோ ஓர் எடுத்துக்காட்டு. 2020ஆம் ஆண்டின் விதிக்கேற்ப அமைந்த அதன் எஞ்சின் மூன்று உருளைகளும் 1,493 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்டது. சக்தி சுமார் 75 குதிரை; முறுக்கு 210 நியூட்டன் மீட்டர். இம்முறுக்கு 1,600 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். எண்களில் எளியதாயினும், சரளைச் சாலையில் ஆறேழு பேரைச் சுமந்து செல்ல இதுவே போதும்.

அடுத்த நிலையில், 2020ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த புதிய தார் உள்ளது. அதன் டீசல் எஞ்சின் 2,184 கன சென்டிமீட்டர், 130 குதிரைச் சக்தி, 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு என அமைந்தது. நான்கு சக்கர இழுவையில் தாழ்கியர் என ஒன்று உண்டு. அதனைப் போட்டால் எஞ்சினின் திருகல் ஏறத்தாழ இரண்டரை மடங்காகப் பெருகிச் சக்கரங்களைச் சேரும். 2023ஆம் ஆண்டு இவ்வண்டியிலேயே 1,497 கன சென்டிமீட்டர் கொண்ட சிறிய டீசல் எஞ்சினும் தரப்பட்டது. அதற்கும் முறுக்கு 300தான். ஆனால் அது பின்சக்கர இழுவை மட்டுமே உடையது. பெயரும் தோற்றமும் ஒன்றாக இருப்பதால் வாங்குவோர் ஏமாறலாகாது. ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும் இடத்தில் எஞ்சினின் முறுக்கு மட்டும் உதவாது. அம்முறுக்கு எத்தனை சக்கரங்களைச் சேர்கிறது என்பதே உதவும்.

மூன்றாவதாக, மிகக் கடினமான வழிகளுக்கான கூர்க்கா வண்டி. 2021ஆம் ஆண்டு அதன் 2,596 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் சுமார் 90 குதிரைச் சக்தியும் 250 நியூட்டன் மீட்டரும் தந்தது. 2024ஆம் ஆண்டின் திருத்தத்தில் அது 140 குதிரைச் சக்தியாகவும் 320 நியூட்டன் மீட்டராகவும் உயர்ந்தது. முழு முறுக்கு 1,400 சுற்றிலேயே தொடங்குகிறது. முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும் பூட்டும் அமைப்பு உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கினாலும், மற்றச் சக்கரம் வண்டியை இழுக்க அது வழி செய்கிறது. இவற்றினும் விலையுயர்ந்த பார்ச்சூனர் போன்ற வண்டிகளில் 2,755 கன சென்டிமீட்டர், 204 குதிரைச் சக்தி வரை டீசல் எஞ்சின்கள் வந்துள்ளன. ஊராட்சிப் பணிக்கோ தோட்டப் பணிக்கோ அத்துணைச் சக்தி தேவையில்லை என்பது நம் கருத்து.

பெட்ரோல் கட்சியின் நியாயத்தையும் கூறாமல் விடுவது முறையாகாது. 1985 முதல் செய்யப்பட்டு வந்த மாருதி ஜிப்சி பெட்ரோல் எஞ்சினைக் கொண்டே நம் இராணுவத்திற்கு நெடுங்காலம் உழைத்தது. எடை குறைந்த வண்டியாதலால் அதற்குப் பெரும் முறுக்கு தேவைப்படவில்லை. 2023இல் வந்த ஜிம்னியும் அவ்வழியிலேயே 1,462 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்டது. மேலும், மேற்கூறிய 2020ஆம் ஆண்டுத் தாரின் டர்போ பெட்ரோல் எஞ்சினும் டீசலைப் போன்றே 300 நியூட்டன் மீட்டர் முறுக்கைக் குறைந்த சுற்றில் தருகிறது. எனவே, டீசல் அல்லாது மலை ஏறாது என்ற பழங்கூற்று இன்று முழு உண்மையன்று. பாரமும் தூரமும் மிகுந்த இடத்தில் டீசலுக்கு உள்ள மேன்மை மட்டும் மாறவில்லை.

புகை வடிகட்டியும் குறுந்தூர ஓட்டமும்

புதிய டீசல் எஞ்சினைப் பற்றி உழவர் அறிந்தே தீர வேண்டிய ஒன்று புகை வடிகட்டி. புகைக்குழாயில் அமைந்த இப்பகுதி கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துகள் நிறைந்தவுடன் 600 டிகிரி அளவிலான வெப்பத்தில் அதனை எரித்துத் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். அவ்வெப்பம் உண்டாக, வண்டி பதினைந்து இருபது நிமிடமாவது நிற்காமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். நாள்தோறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நாம் நேரில் அறிந்த செய்தி இது. தென்னந்தோப்பு வைத்திருந்த உழவர் ஒருவர் புதிய டீசல் வண்டி வாங்கினார். காலையில் பால் கேன்களைச் சங்கத்திற்குக் கொண்டு செல்வதும், மாலையில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதுமே அதன் வேலை. ஒரு நடை மூன்று கிலோமீட்டருக்கு மேல் இல்லை. சில மாதங்களில் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஓடத்தானே செய்கிறது என்று அவர் இருந்துவிட்டார். ஒருநாள் இரவு அவருடைய தாயாருக்கு நெஞ்சுவலி வந்து, வட்டத் தலைநகர் மருத்துவமனைக்குப் புறப்பட்டபோது வண்டி நடைவேகத்திற்கு மேல் செல்ல மறுத்தது. வடிகட்டி அடைபட்டதால் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளப் பலத்தைக் குறைத்துக்கொண்டது. அண்டை வீட்டாரின் இருபது ஆண்டுப் பழைய ஜீப்தான் அம்மூதாட்டியை உரிய நேரத்தில் கொண்டு சேர்த்தது. அவர் பிழைத்தார். எஞ்சினில் குறையொன்றும் இல்லை. அவ்வேலைக்கு அந்த எஞ்சினைத் தேர்ந்ததிலும், விளக்கின் எச்சரிக்கையைப் புறக்கணித்ததிலுமே குறை.

ஆகவே குறுந்தூர ஓட்டமே மிகுதியாக உடையவர் பெட்ரோல் வண்டியை நாடுவதே நன்று. டீசல் வண்டி ஏற்கெனவே இருந்தால், வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டி வரவேண்டும். விளக்கு எரிந்தால் அன்றே கைப்புத்தகத்தில் கண்டபடி செய்தல் வேண்டும். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று யோசனை கூறுவோர் சிலர் உண்டு. அது சட்டத்திற்கு மாறானது. நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்கும் கேடு.

எரிபொருளின் தூய்மை

ஆயில் எஞ்சினுக்குக் கலப்பட எண்ணெய் ஊற்றினாலும் அது கரும்புகை கக்கியபடி ஓடிவிடும். காமன் ரெயில் எஞ்சின் அவ்வாறு ஓடாது. டீசல் எரிபொருள் மட்டுமன்று. உயர் அழுத்தப் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு அதுவே மசகும் ஆகும். மண்ணெண்ணெய் கலந்தால் மசகுத் தன்மை குறைந்து பம்பு தேய்கிறது. தேய்ந்த உலோகத் துகள் இன்ஜெக்டர்களின் நுண்துளைகளை அடைக்கிறது. கடலை எண்ணெய் போன்றவை மிகத் தடித்தவையாதலால் அவையும் ஆகா. டிராக்டருக்காகக் கொட்டகையில் பீப்பாயில் வைத்திருக்கும் டீசலை வண்டிக்கு ஊற்றுவதையும் தவிர்க்க வேண்டும். பீப்பாயின் அடியில் நீரும் துருவும் சேர்ந்திருக்கும். டீசல் வடிகட்டியில் தங்கும் நீரைக் குறித்த காலத்தில் வடித்துவிடுவது மழைக்காலத்தில் மிக முக்கியம்.

சில புதிய டீசல் எஞ்சின்களுக்கு டீசலோடு யூரியாக் கரைசல் ஒன்றும் தனித் தொட்டியில் ஊற்றப்படுகிறது. புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு நச்சை அது மாற்றுகிறது. இக்கரைசல் 32.5 விழுக்காடு தூய யூரியாவும் எஞ்சியது தாதுப்பொருள் நீக்கிய நீரும் கொண்டது. வயலுக்கு வாங்கிய யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் காசு மிஞ்சும் என்று உழவர் எவரும் எண்ணலாகாது. நமக்கு வழங்கப்படும் உர யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. அப்பூச்சும் கிணற்று நீரின் உப்பும் சேர்ந்து, விலையுயர்ந்த அவ்வமைப்பை அடைத்துப் பாழாக்கிவிடும். அன்றியும் மானிய உரத்தை வேறு காரியத்திற்குத் திருப்புவது குற்றமாகும்.

நீரும் தூசியும்

டீசல் எஞ்சினில் பொறிக்கட்டை இல்லாமையால் ஈரத்தைக் கண்டு எளிதில் நின்றுவிடாது. இத்துணிவில் காட்டாற்று வெள்ளத்தில் வண்டியை இறக்குவோர் உண்டு. காற்று இழுக்கும் வாய் வழியே நீர் உள்ளே புகுந்தால், காற்றைப் போன்று நீரை நெருக்க இயலாதாதலால் எஞ்சினின் தண்டுகள் வளைந்துவிடும். 2020ஆம் ஆண்டுத் தாருக்கு 650 மில்லிமீட்டரும், கூர்க்காவுக்கு 700 மில்லிமீட்டரும் நீர் கடக்கும் ஆழமாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவை நிலைத்த நீருக்கான அளவுகள். ஓடும் வெள்ளத்திற்கு அல்ல. நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலாமல், கயிறு கட்டி இழுத்து வெளிக்கொணர்தல் வேண்டும்.

கோடையில் மண்பாதையில் ஓடும் வண்டிக்குத் தூசியே பகை. காற்று வடிகட்டியைக் கைப்புத்தகம் கூறும் காலத்திற்கு முன்னரே பார்த்துத் தூய்மை செய்தோ மாற்றியோ வருவது அவசியம்.

வரவு செலவுக் கணக்கு

இனிப் பணக் கணக்கைப் பார்ப்போம். எளிமை கருதிச் சில எண்களைக் கற்பனையாகக் கொள்வோம். டீசல் வண்டியின் விலை பெட்ரோல் வண்டியைவிட 1,50,000 ரூபாய் கூடுதல். டீசல் லிட்டர் 90 ரூபாய். ஒரு லிட்டருக்கு 12 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். ஒரு லிட்டருக்கு 10 கிலோமீட்டர். அவ்வாறாயின் ஒரு கிலோமீட்டருக்கு டீசலில் 7 ரூபாய் 50 காசும், பெட்ரோலில் 10 ரூபாயும் ஆகும். மிச்சம் 2 ரூபாய் 50 காசு. கூடுதலாகக் கொடுத்த விலையை மீட்க 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது இரண்டரை ஆண்டு. மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கோ பத்து ஆண்டு. கடன் வட்டியையும், டீசல் எஞ்சினுக்கு ஆகும் கூடுதல் பராமரிப்பையும் சேர்த்தால் இக்காலம் இன்னும் நீளும். ஒவ்வொருவரும் தம் ஊர் விலையையும் தம் வண்டியின் ஓட்டத்தையும் இட்டு இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். சென்ற ஆண்டின் ஓட்டக் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுது அமர்ந்தால் விடை கிடைத்துவிடும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இதுகாறும் கூறியவற்றால் ஐந்து கேள்விகள் பிறக்கின்றன. வண்டி மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? ஒரு நடையின் தூரம் எவ்வளவு? ஏற்றவேண்டிய பாரமும் ஆட்களும் எத்தனை? வழி சரளைச் சாலையா, பாறையும் சேறுமா? பழுது நேர்ந்தால் பார்க்கும் பணிமனை எங்குள்ளது? இவ்வைந்திற்கும் விடை எழுதியபின் கடைக்குச் செல்வோர், விற்பவரின் சொல்லில் மயங்கார்.

நெடுந்தூரமும் பாரமும் ஏற்றமும் ஒருங்கே உள்ள இடத்தில் நான்கு சக்கர இழுவையுடைய டீசல் வண்டி ஏற்றது. நெடுந்தூரம் உண்டு, வழி ஓரளவு நன்று எனில் பின்சக்கர இழுவையுடைய சிறிய டீசல் எஞ்சின் போதும். குறுந்தூரமும் குறைந்த ஓட்டமும் எனில் பெட்ரோலே சிக்கனம். ஆண்டில் சில நாட்களே மலையேற வேண்டியவர், அந்நாட்களுக்கு மட்டும் வாடகை ஜீப்பை அமர்த்திக்கொள்வது எல்லாவற்றினும் சிக்கனம்.

மலையூரில் வண்டி என்பது அலங்காரப் பொருளன்று. மிளகு மூட்டையும் காப்பிக் கொட்டையும் சந்தைக்கு இறங்குவது அதில்தான். பிள்ளைப்பேற்று வலியெடுத்த பெண்ணும் பாம்பு தீண்டியவரும் மருத்துவமனை சேர்வதும் அதில்தான். அந்த ஒரு நாளில் தவறாமல் ஏறி இறங்கும் வண்டியே நல்ல வண்டி. ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் வேலையை முன்னே வைத்து எஞ்சினைத் தேர்வார்களாயின், செலவிட்ட ஒவ்வொரு ரூபாயும் ஊருக்குப் பயன்படும் என்பது திண்ணம்.